பூட்டைப் பழுது பார்க்கச் சொன்னால் கடையையே மாற்றிக் கட்டுகிறார்கள்



நாம் இந்த இதழில் எழுதுவதெல்லாம் பருப்பு, வத்தல் விலை நிலவரம், லாரி வாடகை, வரி விகிதம் என்ற அளவில்தான் இருக்கும். கம்ப்யூட்டரைப் பற்றி எழுத நமக்கு என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திக்கொண்டு 1977-ல் தகப்பனார் மண்டியில் சாக்கு எண்ண உட்கார்ந்தவர்கள் நாம். ஆனால் கம்ப்யூட்டருக்குக் காசு கொடுத்தவர்களும், அது வேலை செய்யாத நாளில் லாரி டிரைவருக்குப் பதில் சொல்கிறவர்களும் நாம்தானே? அந்த உரிமையில் எழுதுகிறோம்.

2025 தீபாவளிக்கு முந்திய நான்கு வாரங்களை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். செப்டம்பர் 22-ஆம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. 12, 28 என்ற இரண்டு படிகள் போயின. நெய் 12-லிருந்து 5-க்கு வந்தது. சோப்பு, பற்பசை, தலை எண்ணெய் 18-லிருந்து 5-க்கு வந்தன. வரி குறைந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் ஒவ்வொரு சரக்கின் பெயரையும் கம்ப்யூட்டரில் திறந்து விகிதத்தை மாற்றியவர்களுக்குத் தெரியும் அந்த வாரத்தின் பாடு. அக்டோபர் 20 தீபாவளி. இந்த இரண்டுக்கும் நடுவே அக்டோபர் 14-ஆம் தேதி, விண்டோஸ் 10-க்கு இனிமேல் இலவசப் பாதுகாப்பு அப்டேட் கிடையாது என்று மைக்ரோசாப்ட் கம்பெனி கதவைச் சாத்தியது. மளிகைக்காரனுக்குத் தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு இப்படி ஒரு காரியம் வைப்பானா ஒருவன்? அவர்களுக்கு நம் பஞ்சாங்கம் தெரியாது, சரி. ஆனால் நம் பஞ்சாங்கத்தோடு அவர்களுக்கு ஏதோ ஒரு பகை இருக்கிறது என்றே நாம் சந்தேகிக்கிறோம். விண்டோஸ் எக்ஸ்பி-க்கு முடிவு கட்டியது 2014 ஏப்ரல் 8. புது வருடக் கணக்குப் போட்டு ஒரு வாரம். விண்டோஸ் 7-க்கு முடிவு 2020 ஜனவரி 14. அன்று போகிப் பண்டிகை. பழைய பாயோடு சேர்த்துக் கம்ப்யூட்டரையும் கொளுத்தச் சொன்னது போல இருந்தது.

2015-ல் விண்டோஸ் 10 வந்த சமயம், இதுதான் கடைசிப் பதிப்பு என்று அந்தக் கம்பெனி ஊழியர் ஒருவரே கூட்டத்தில் சொன்னார். பத்திரிகைகளிலும் வந்தது. அதை நம்பி நிம்மதியானவர்கள் பலர். ஆறு வருடத்தில், 2021 அக்டோபர் 5-ல், விண்டோஸ் 11 வந்து நின்றது. மண்டியில் இப்படி வாக்கு மாறினால் தரகர் மறுநாள் படியேற மாட்டார்.

இதிலே வயிறு எரிகிற சங்கதி வேறு. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் கம்ப்யூட்டருக்குள் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் எட்டாவது தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். எட்டாவது தலைமுறை சந்தைக்கு வரத் தொடங்கியதே 2017 ஆகஸ்டு மாதத்துக்குப் பிறகுதான். ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தது 2017 ஜூலை 1. அதாவது, ஜி.எஸ்.டி. வருகிறது, கம்ப்யூட்டர் இல்லாமல் கடை நடத்த முடியாது என்று பயந்து நம்மவர்கள் அவசர அவசரமாக வாங்கிப்போட்ட கம்ப்யூட்டர்கள் அநேகமாக எல்லாமே இந்தப் பரீட்சையில் தேறாதவை. நம் மண்டியில் உள்ள மூன்றில் இரண்டு அந்த வருடம் ஜூன் மாதம் வாங்கியவை. இன்றும் ஒரு குறையும் கிடையாது. பில் அடிக்கிறது, ரிட்டர்ன் போகிறது. டீலரைக் கேட்டால், "அண்ணாச்சி, மூணையும் தூக்கிட்டுப் புதுசா போட்ருவோம், ஒண்ணு முப்பத்தெட்டாயிரம்" என்று நாக்கூசாமல் சொல்கிறார். உளுந்து மூட்டைக்கு நமக்கு நிற்கிற லாபம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியுமோ என்னவோ. ஒரு கம்ப்யூட்டர் வாங்க எத்தனை மூட்டை தள்ள வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாம் பழமைவாதி அல்ல. 1997-லேயே கம்ப்யூட்டர் போட்ட மண்டி நம்முடையது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் தெரியும் அந்த டாஸ் காலத்துப் பெட்டி எட்டு வருடம் ஓடியது. ஒரு நாள் ஒரு அப்டேட் கேட்டதில்லை. அதோடு வந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் 2011 வரை கார்பன் வைத்து மூன்று காப்பி அடித்துக்கொண்டிருந்தது. அது என்ன மாயம் என்று நாம் வெகுகாலம் யோசித்ததுண்டு. மாயம் ஒன்றுமில்லை. அந்தப் பெட்டிக்கு வெளியுலகத் தொடர்பே கிடையாது. அது நான்கு சுவருக்குள் பூட்டிய அறை. இன்றைய கம்ப்யூட்டரோ தெருவாசல் திறந்த கடை. ஜி.எஸ்.டி., இ-வே பில், பாங்கு, யு.பி.ஐ. எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் போய் வருகின்றன. நல்லவன் வருகிற வாசலில் திருடனும் வருவான். ஆகவே பூட்டை அவ்வப்போது பழுது பார்க்கத்தான் வேண்டும். இதை நாம் மறுக்கவில்லை.

நம்மவர்களில் சிலர் பையன்களை வைத்து அப்டேட் வராமலே நிறுத்திவிட்டதாகப் பெருமையாகச் சொல்லக் கேட்கிறோம். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2017 மே 12-ஆம் தேதி வான்னக்ரை என்ற வைரஸ் கிளம்பி, 150-க்கும் அதிகமான நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டிப்போட்டு, திறக்க 300 டாலர் கொடு என்று கேட்டது. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷனைக்கூடத் தள்ளிவைத்தார்கள். அந்தத் திருடன் நுழைந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-ல், வெளிவந்துவிட்டது. போட்டவர்கள் தப்பித்தார்கள். பாக்கிப் பேரேடு முழுவதும் கம்ப்யூட்டரில் இருக்கிற மண்டிக்கு அப்படி ஒரு நாள் வந்தால், யாரிடம் எவ்வளவு பாக்கி என்று யாரைப் போய்க் கேட்பது?

ஆகவே நமது வழக்கு அப்டேட் வேண்டாம் என்பதல்ல. எடைக்கருவிக்கு முத்திரை போடுகிறோமே, அதை எண்ணிப்பாருங்கள். மின்னணுத் தராசுக்கு வருடத்துக்கு ஒரு முறை, எடைக்கல்லுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. தேதி முன்கூட்டித் தெரியும். கட்டணம் தெரியும். முத்திரை ஆய்வாளர் வந்து கல்லைச் சரிபார்ப்பார், முத்திரை குத்துவார், சான்றிதழ் கொடுப்பார், போவார். தட்டை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் மாற்றி வைத்துவிட்டுப் போக மாட்டார். "இந்தத் தராசு நல்ல தராசுதான், ஆனால் அடுத்த வருடம் முதல் இதற்கு முத்திரை கிடையாது, புதுசு வாங்கு" என்றும் சொல்ல மாட்டார்.

கம்ப்யூட்டரில் நடப்பது அதுதான். பூட்டுப் பழுது பார்க்கிற சாக்கில் கடையின் அமைப்பையே மாற்றுகிறார்கள். 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானையே காணோம். உலகம் முழுக்கக் கூப்பாடு போட்ட பிறகு மறு வருடம் திருப்பி வைத்தார்கள். விண்டோஸ் 11-ல் அதே பொத்தான் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கேட்டால் அழகு என்கிறார்கள். கல்லாப்பெட்டியைக் கடை நடுவில் வைத்தால் அழகாகத்தான் இருக்கும்.

இந்த மாற்றம் படித்த பையன்களுக்கு ஒரு நாள் வேலை. நம் கணக்குப்பிள்ளைக்கு அப்படியல்ல. 1984-ல் மண்டிக்கு வந்தவர் அவர். நாள்வழி, பேரேடு, ஐந்தொகை எல்லாம் விரல் நுனியில். நாற்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார். எழுத்துக்கூட்டிப் படித்து அல்ல. எந்த இடத்தில் எது இருக்கிறது என்று இடம் பிடித்துக் கற்றுக்கொண்டார். பிரிண்டர் எங்கே, பென் டிரைவில் காப்பி எடுப்பது எங்கே என்று ஒரு அட்டையில் படம் போட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பார். திரை மாறும்போதெல்லாம் அட்டையும் மாறும். நாம் எண்ணிப் பார்த்தோம், நான்கு அட்டை. ஐந்தாவது முறை மாறியபோது அவர் அட்டை எழுதவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் காலையில் வந்து நின்றார்.

"முதலாளி, பேரேட்டுல ஒரு பைசா தப்பினாலும் ராத்திரி ராவா உக்காந்து கண்டுபிடிச்சிருவேன். இதுல நான் தப்புப் பண்ணுனா எங்க பண்ணுனேன்னே எனக்குத் தெரிய மாட்டேங்குது. வேற ஆள் பாத்துக்கிடுங்க."

நாற்பது வருடம் நம் கல்லாவைக் காத்தவர். தப்பு அவருடையதா? அவரை நாம் விடவில்லை. பாக்கி வசூலுக்கும் ஊர்க்கடைப் பற்றுவரவுக்கும் நோட்டுப் போட்டு அவரிடமே கொடுத்திருக்கிறோம். கம்ப்யூட்டருக்கு ஒரு பையன் வந்திருக்கிறான், நல்ல பையன். ஆனால் எந்தக் கடைக்காரன் மழைக்காலத்தில் பாக்கி தருவான், எவன் தரமாட்டான் என்பது எந்தத் திரையிலும் இல்லை.

இன்னொன்று, நேரம். இது பலருக்குத் தெரியாததால் விளக்கமாகச் சொல்கிறோம். மைக்ரோசாப்ட் கம்பெனி 2003 முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட்டை வெளியிடுகிறது. அமெரிக்காவில் காலை பத்து மணி என்றால் நமக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. ஆக, நமக்கு அது வந்து சேர்வது புதன்கிழமை காலை கடை திறக்கும்போது. இரண்டாம் செவ்வாய்க்கு அடுத்த புதன் என்றால் மாதத்தில் 9-ஆம் தேதியிலிருந்து 15-ஆம் தேதிக்குள் விழும். ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் செய்யக் கடைசி நாள் 11. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாக்கல் செய்கிற சிறு வணிகர்களுக்கு 13. பொருத்தத்தைப் பாருங்கள்! 2024 டிசம்பரிலும் 2025 ஜூனிலும் அந்தப் புதன்கிழமையே சரியாக 11-ஆம் தேதியில் விழுந்தது. மாதத்தில் முப்பது நாள் இருக்க, நம் கழுத்தில் கத்தி இருக்கிற வாரத்திலேயே கம்ப்யூட்டர் "அணைக்காதே, வேலை நடக்கிறது" என்கிறது.

நாமும் இதில் அடி வாங்கியவர்களே. 2023 கார்த்திகை மாதம், சபரிமலைக்கு மாலை போட்டவர்களின் வண்டிகள் செங்கோட்டை ரோட்டை அடைத்துக்கொண்டிருந்த வாரம். கொல்லத்துக்கு வத்தலும் மல்லியும் ஏற்றி, தார்ப்பாய் கட்டி, மாலை ஆறரைக்கு லாரி தயார். பில் அடிக்க வேண்டியதுதான் பாக்கி. ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு அந்த வருடம் ஆகஸ்டு முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்பதால் கையால் எழுதிக் கொடுத்து அனுப்பவும் வழியில்லை. அந்நேரம் பார்த்து நம் தம்பி மகன், பதினெட்டு நாளாக "பிறகு, பிறகு" என்று தள்ளிக்கொண்டே வந்த அப்டேட்டை அழுத்திவிட்டான். திரையில் 30 சதம் என்று காட்டி அப்படியே நின்றது. இரண்டே முக்கால் மணி நேரம். டிரைவர் இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வந்தார், மூன்றாவது தடவை முகத்தைக் காட்டினார். லாரி கொல்லம் போய்ச் சேரும்போது விடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. அங்கே நம் சரக்கை எதிர்பார்த்திருந்தவர் பாதி மூட்டையை வேறிடத்தில் எடுத்துவிட்டார். மீதியை மூட்டைக்கு இவ்வளவு என்று குறைத்துத்தான் தள்ள முடிந்தது. இதில் பதினெட்டு நாள் தள்ளிப்போட்ட குற்றம் நம்முடையது. ஒப்புக்கொள்கிறோம். தம்பி மகனை அன்று திட்டியது தவறு என்றும் ஒப்புக்கொள்கிறோம்.

அதன் பிறகு நாம் செய்துகொண்ட ஏற்பாட்டைச் சொல்கிறோம், விரும்பியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் செட்டிங்ஸில் நாம் வேலை செய்யும் நேரம் இன்னது என்று குறிக்க இடம் இருக்கிறது. 18 மணி நேரம் வரை குறிக்கலாம். காலை ஆறு முதல் இரவு பன்னிரண்டு வரை என்று குறித்துவிட்டோம். அந்த நேரத்தில் அது தானாக அணைந்து எழாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் சில வாரங்களுக்கு நிறுத்திவைக்கவும் முடியும். அதை 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-3பி போனவுடன் எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை சாத்தியபின் பையனை உட்கார வைத்து நாமே அப்டேட் போடுகிறோம். முதலில் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும். திங்கட்கிழமை அதில் பில் அடித்துப் பார்த்த பிறகே மற்ற இரண்டுக்கும். அப்டேட் நடக்கும்போது மின்சாரம் போனால் பெட்டியே கிளம்பாமல் போகும் அபாயம் உண்டு, ஆகவே யு.பி.எஸ். பேட்டரி நன்றாக இருக்க வேண்டும். அதற்கு முந்தின நாளே கணக்கைப் பென் டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

ஒரு கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 2021 ஜூலையில் பிரிண்டர் வழியாகத் திருடன் நுழையும் ஓட்டை ஒன்றை அடைக்க அவசர அப்டேட் விட்டார்கள். அதைப் போட்டவர்களில் சிலருக்கு யு.எஸ்.பி. வழியாக இணைத்த பில் பிரிண்டரும் லேபிள் பிரிண்டரும் வேலை செய்யாமல் நின்றன. கம்பெனியே ஒப்புக்கொண்ட விஷயம் இது. பெரிய ஆபீஸ்காரனுக்கு லேபிள் பிரிண்டர் நின்றால் ஒன்றுமில்லை. மளிகைக் கடையில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பில் மெஷின் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விண்டோஸ் 10-ஐயே வைத்துக்கொண்டு காலம் தள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதாக அறிவித்தார்கள். கட்டணம் 30 டாலர், சில நிபந்தனைக்கு உட்பட்டு இலவசமாகவும் உண்டு. நிறுவனங்களுக்கு என்றால் ஒரு கம்ப்யூட்டருக்கு முதல் வருடம் 61 டாலர், அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பு, மூன்று வருடம் வரைதான். கந்து வட்டிக்காரன்கூட வட்டியை வருடா வருடம் இரட்டிப்பாக்குவதில்லை. லினக்ஸ் என்று இலவசமாக ஒன்று உண்டு. கேரளப் பள்ளிக்கூடங்களில் வெகுகாலமாக அதில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். நம் கிட்டங்கியில் இருந்த பழைய பெட்டி ஒன்றில் போட்டுப் பார்த்தோம். ஜி.எஸ்.டி. தளமும் இ-வே பில் தளமும் பாங்கும் நன்றாகவே திறக்கின்றன. நம் கணக்கு மென்பொருள்தான் அதில் நேரடியாக ஓடவில்லை. கணக்கு எழுதாமல் ரிட்டர்ன் மட்டும் போடுகிற சிறு கடைகளுக்கு அது போதும் என்பது நமது அபிப்பிராயம்.

கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாயா என்று அரசு நம்மைக் கேட்டு ஜி.எஸ்.டி. கொண்டுவரவில்லை. கட்டாயம் என்றது, வாங்கினோம். அப்படியானால் அந்தக் கருவி எத்தனை வருடம் உழைக்க வேண்டும் என்று கேட்கிற பொறுப்பும் அரசுக்கு உண்டு. ஐரோப்பிய நாடுகளில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி அமலில் இருக்கிறது: ஒரு மாடல் கைப்பேசியை விற்பதை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து வருடம் அதற்கு அப்டேட் கொடுக்க வேண்டும். நம் நாட்டிலும் 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது நீக்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. டிராக்டர், மிக்சி, கைப்பேசி எல்லாம் அதில் பேசப்படுகின்றன. வணிகனின் கம்ப்யூட்டரையும், அதற்குள் இருக்கும் மென்பொருளையும் அதில் சேர்க்கச் சொல்லி நமது சங்கம் மனுக் கொடுக்க வேண்டும். பாதுகாப்பு அப்டேட் தனி, தோற்ற மாற்றம் தனி என்று பிரித்து, வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படி வைக்க வேண்டும் என்பதும் அந்த மனுவில் இருக்கட்டும். வாங்குகிற இடத்திலேயே, மருந்துப் பெட்டியில் போடுகிற மாதிரி, "இன்ன தேதி வரை அப்டேட் உண்டு" என்று கம்ப்யூட்டர்மீது ஒட்டி விற்கச் சொல்ல வேண்டும். காலாவதித் தேதி இல்லாமல் ஒரு மசாலாப் பாக்கெட்டை நாம் விற்றால் அபராதம் போடுகிறார்கள் அல்லவா? 2017 ஜூனில் அப்படி ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் நாம் நான்கு மாதம் பொறுத்து வாங்கியிருப்போம்.

நமது அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர நாம் எண்ணியிருக்கிறோம். கம்ப்யூட்டர் மாற்றச் சொல்லி டீலர் கொடுத்த மதிப்பீட்டுச் சீட்டு வைத்திருப்பவர்கள், பழைய பெட்டி வாங்கிய தேதியையும் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், மனுவோடு இணைக்க உதவியாக இருக்கும்.

கடைசியாக ஒரு சேதி. 2024 ஜூலை 19-ஆம் தேதி க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு தவறான அப்டேட்டால் உலகத்தில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்களில் அன்று போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பேனா இருந்தது, விமானம் பறந்தது. அதைப் பத்திரிகையில் பார்த்த மறுநாளே நாம் அச்சாபீசுக்குப் போய் மூன்று காப்பி பில் புத்தகம் பத்து அடிக்கச் சொல்லிவிட்டோம். இ-இன்வாய்ஸ் கட்டாயமில்லாத கடைகள் தனி வரிசை எண் கொடுத்துக் கையால் பில் எழுதச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எண் 16 எழுத்துக்குள் இருந்தால் போதும். நமக்கு அந்தப் புத்தகம் பதிவு இல்லாத சில்லறைக் கடைகளுக்குக் கொடுக்கவே பயன்படும். முதல் புத்தகத்தில் இதுவரை பதினோரு பில் எழுதியாகிவிட்டது. எல்லாம் கணக்குப்பிள்ளையின் கையெழுத்து.